மைக்கா ஷீட் ஒட்டும்போது எங்கள் சமையலறை தீப்பிடித்தது பற்றி

எனக்கு வயது முப்பத்து நான்கு. பள்ளிச் சீருடைக் கடையில் காஜா போட்டுப் பொத்தான் தைக்கும் வேலை. குடியிருப்பது டயர் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில். இறந்துபோனவர் என் கணவர், பேருந்து ஓட்டுநர். தீக்காயப் பிரிவில் படுத்தபடி, அதிகாரி கேட்கக் கேட்க இதைச் சொல்கிறேன்.

எங்கள் சமையலறையில் மேடைப் பலகையும் அலமாரிக் கதவுகளும் ஈரத்தில் ஊறி உப்பியிருந்தன. ஆசாரி இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்ததால், தானே ஒட்டிவிடுவதாகச் சொல்லி என் கணவர் மைக்கா ஷீட்டும் ரப்பர் பசையும் வாங்கினார். ஷீட்டின் நிறத்தை நான்தான் பார்த்து எடுத்தேன். கடைக்காரர், "பசை காயற வரைக்கும் ஜன்னலத் திறந்து வைங்க, அடுப்பு மட்டும் பத்த வச்சிராதீங்க" என்றதால், வேலை தொடங்குமுன் சிலிண்டரை நானே மூடினேன்.

ஞாயிறு காலை அலமாரிக் கதவுகளை ஒட்டி முடித்தார். எங்கும் ஒரு குமிழி இல்லை. "கம்பெனி வேலை மாதிரி இல்ல?" என்று கேட்டுக் கேட்டுக் கதவைத் திறந்து மூடினார். அதன் பிறகு மேடைக்குப் பசை தடவியபோது காற்றில் தூசி வந்து ஒட்டியதால் ஜன்னலை மூடினார். எனக்குத் தலை சுற்றியது. நான் திறந்தேன், அவர் மூடினார். "தூசி உக்காந்தா மேடு தட்டும், நீ வெளிய போய் நில்லு" என்றார். "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் காதில் விழுந்ததாகச் சொல்வது இதுதான். நான் சொன்னதுதான், மறுக்கவில்லை. அதன் பிறகு அவர் சமையலறைக் கதவையும் சாத்திக்கொண்டார். என் நாத்தனார் புகாரில் சொல்வதுபோல் நான் வெளியே தாழ் போடவில்லை. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழே கிடையாது.

மேடையின் முன்விளிம்பு உருண்டையானது. அதற்கு வெட்டிய பட்டை வளையாமல் உடைந்த சத்தம் கேட்டது. பிறகு உள்ளிருந்து, "சூடு காட்டினா வளையும்ல?" என்றார். என்னைக் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியாது. கோபத்தில் நான் வாய் திறக்கவில்லை. சிலிண்டரை அவரே திறந்திருக்க வேண்டும். லைட்டர் சொடுக்கும் சத்தமும், அடுத்துப் பெரிய போர்வையை உதறினாற்போல் ஒரு சத்தமும் கேட்டன.

கதவைத் தள்ளித் திறந்தபோது அவர் சட்டை எரிந்துகொண்டிருந்தது. சட்டையெல்லாம் பசை. பிய்க்கப் பிய்க்க அது என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. அதன் பிறகு அவரை முன்னறைக்கு இழுத்து வந்து கம்பளியால் போர்த்தினேன். எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸை அழைத்தார்.

ஆம்புலன்ஸில் அவர், "மேடை ஷீட் பிடிச்சிருச்சா?" என்று கேட்டார். அந்த ஷீட் கருகிச் சுருண்டு கிடந்ததை நான் பார்த்திருந்தேன். "நல்லாப் பிடிச்சிருச்சுங்க" என்றேன். அதன் பிறகு அவர் பேசவில்லை.

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றவை அனைத்தும் நடந்தது நடந்தபடி, யாரும் சொல்லிக் கொடுக்காமல் சொன்னவை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. இரண்டு கைகளிலும் கட்டு இருப்பதால் இடது கால் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.