குறுக்கே போகும் படகு

– அப்புறம்?

– அப்புறம் என்ன தலைவரே. எந்திரிப்பேன். தண்ணி மொண்டு வருவேன். தினைக்கஞ்சி காய்ச்சுவேன். ரெண்டு கிண்ணத்துல ஊத்துவேன். ஒண்ணை வெச்சுட்டு ஒண்ணைக் குடிப்பேன். படகுக்கு வருவேன். இன்னைக்கு வந்தா நீங்க நின்னீங்க, ஏத்திக்கிட்டேன்.

– ரெண்டு கிண்ணம். அங்கதான் இடிக்குது கூரிஜி. தனி ஆளுன்னு பதிவுல சொன்னே. என் வீரனுங்க பத்து நாளா பாக்குறாங்க, உன் வீட்டுல ரெண்டு பேருக்குக் கஞ்சி. யாரை ஒளிச்சு வெச்சிருக்கே? எதிரி நாட்டு பெக்ஜே ஒற்றனா? கேக்குறேன்ல.

– என் பொண்டாட்டி யோரேவுக்கு வைக்கிறது.

– அவ பேரு பதிவுல இல்லையே.

– செத்துட்டா. இருபத்தேழு மாசம் ஆச்சு.

– செத்தவளுக்குக் கஞ்சியா?

– அவ சவப்பெட்டி வீட்டுலதான். எங்க வழக்கம் அது. இருபத்தேழு மாசம் வெச்சிருந்து, நாள் பாத்துத்தான் மண்ணுல வைப்போம். அதுவரைக்கும் சோறு போடணும்.

– அத்தனை மாசமா! எங்க மாமியார் உசுரோட இருக்கும்போதே ஒரு மாசத்துக்கு மேல வீட்டுல வெச்சுக்க முடியல எனக்கு.

– ம்.

– சரி, கோவிச்சுக்காத. என்னைக்குப் புதைக்கணும்?

– இன்னைக்கு.

– இன்னைக்கு முடியாதுப்பா. இந்த மாசத்துலேருந்து ஹான் ஆறு எங்க சில்லா ராஜ்யத்தோடது, உன் படகும் சில்லாவோடது. என்னைக் கப்பல்ல ஏத்திவிட்டுட்டு, நீயும் பின்னாலேயே கடல் வரைக்கும் வரணும். உத்தரவு கேட்டேல்ல?

– கேட்டேன். இனிமே ஆத்துல நெடுக்கதான் போகணும். குறுக்க போகக் கூடாது.

– ஆங். முன்னாடி ஆண்ட கோகுர்யோகாரனுக்கு இந்த ஆறு மதில். வடகரைக் குன்று மேல உக்காந்து, எவன் தாண்டுறான்னு பாத்துக்கிட்டே கெடந்தான். அவனை விரட்டிட்டு வந்த பெக்ஜேகாரனுக்கு இது பாட்டன் சொத்து. போனது கிடைச்சிருச்சுன்னு கரையில விழுந்து அழுதான். எங்களுக்கு இது பாதைய்யா. நேரா மேற்குக் கடல், அந்தப் பக்கம் சீனம். இனி நடுவுல எவன் தயவும் வேண்டாம்.

– எனக்கு இது யோரேவோட அம்மா வீட்டுக்குப் போற வழி.

– எங்க இருக்கு?

– தென்கரையில. அவங்க குன்றுலதான் அவளை வைக்கணும்.

– அப்போ பெக்ஜேகாரன் இருந்த ரெண்டு வருசத்துல கொண்டுபோறதுக்கு என்ன? அப்ப யாரும் தடுக்கலையே.

– நாள் ஆகல. பெட்டியை நடுவுல நகத்தக் கூடாது. இன்னைய தேதியை அப்பவே குறிச்சோம். அந்தா, வெள்ளைத்துணி கட்டிக்கிட்டு நிக்கிறாங்க பாருங்க, அவ அம்மா.

– பாவந்தான். ஆனா வடகரையில மண்ணு இல்லையா? கேக்குறேன்ல... இரு. கப்பல் வலது பக்கம் நிக்குது. நீ ஏன் நேரா தள்ளுறே?

– நேராத்தான் போறேன்.

– கூரிஜி. நான் உக்காந்திருக்குற பாய்க்கு அடியில என்ன இருக்கு?

– கப்பலுக்குப் போற தினைப்பெட்டின்னு நினைச்சு நீங்களேதான் ஏறி உக்காந்தீங்க.

– என்னன்னு கேக்குறேன்ல.

– அவதான்.

– ஐயய்யோ.

– எந்திரிக்காதீங்க, படகு கவுந்துரும். மெதுவா இந்தப் பக்கம் நகருங்க.

– மன்னிச்சுக்கம்மா தாயே. யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடா நீ?

– சொன்னா ஏறியிருக்க மாட்டீங்க. என்னையும் ஏற விட்டிருக்க மாட்டீங்க.

– கப்பல்ல முரசு அடிக்கிறாங்க. பாத்துட்டாங்க. திருப்பு.

– மாட்டேன்.

– வில்லாளுங்க தளத்துல வந்து நிக்கிறாங்க. நான் உள்ள இருக்கேன்னு பாவம் பாக்க மாட்டாங்க. எங்க தளபதியை உனக்குத் தெரியாது. திருப்புடா.

– அன்னைக்கும் இப்படித்தான் முரசு அடிச்சாங்க. கோகுர்யோ ஆளுங்க, குன்று மேலேருந்து. அவ அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு பாக்கப் போனோம். முதல் அம்பு அவ விலாவுல பட்டுச்சு.

– நீ என்ன பண்ணே?

– திருப்பிட்டேன். வடகரைக்கு வந்து சேரும்போது அவ இல்ல.

– அதுல தப்பு ஒண்ணும் இல்ல. யாரா இருந்தாலும் திருப்பத்தான் செய்வான். அதனாலதான் இன்னைக்கு நீ இருக்கே. இப்பவும் திருப்பு. அவ இருந்தா அவளே அதைத்தான் சொல்லுவா.

– அவ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு.

– என்ன சொன்னா?

– "பாதி தாண்டிட்டோம், திருப்பாத"ன்னா.