கெர்ரூ வளைவில் ஒரு மணல் மூட்டை

வளைவு வந்தால், காரில் போகிறவர் தேநீர்க் கோப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டு சக்கரக்காரர் வண்டியோடு சேர்ந்து சாய்ந்துகொள்வார். எங்கள் பந்தய வண்டி இரண்டிலும் சேர்த்தியில்லை. என் தம்பி ஆரி ஓட்டும் மோட்டார்சைக்கிள், அதன் இடப்பக்கம் ஒட்டிய ஒரு தட்டு, தட்டின் ஓரத்தில் மூன்றாவது சக்கரம். அது தானாகச் சாயாது. அதற்குப் பதிலாகச் சாய ஓர் ஆள் வேண்டும். பதினொரு ஆண்டுகள் அந்த ஆள் நான்.

வலது வளைவென்றால் ஆரியின் முதுகுக்குப் பின்னால் ஏறிப் படுப்பேன். இடது வளைவென்றால் தட்டுக்கு வெளியே தொங்குவேன். இடுப்பு சாலையை உரசும். தொங்காவிட்டால் ஓரச் சக்கரம் எழும்பி, வண்டி வலப்பக்கமாகப் புரளும். ஆரி திரும்பிப் பார்ப்பதே இல்லை. நான் தொங்குவேன் என்று நம்பி, வேகத்தைக் குறைக்காமல் நுழைவான். அந்த வேகத்தில் கார்க்காரர்கள் பிரேக்கை மிதித்துவிடுவார்கள்.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு, டக்ளஸ் துறைமுகத்து மதுக்கடையில் மதியச் சாப்பாடு. சீஸ் தூவிக் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு சிப்ஸ். டயர் கடைக் கோனலும் இருந்தார்.

"அக்கா, அடுத்த வருஷம் உன் எடத்துல கோனல். புது இன்ஜின் வாங்கித் தர்றாராம்."

"அவருக்குத் தொங்க வருமா?"

"அதென்னக்கா பெரிய வித்தை? மூணாவது சக்கரத்து மேல ஒரு பாரம், அவ்வளவுதானே. மணல் மூட்டையைக் கட்டி வச்சாலும் ஜெயிச்சுக் காட்டுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். "அப்ப மூட்டைக்கு ஒரு பீர் சொல்லுடா" என்றேன்.

பந்தயத்தன்று வேன் தேவதைப் பாலத்தில் ஏறியது. பாலத்தடியில் குடியிருக்கும் குட்டித் தேவதைகளுக்கு வணக்கம் சொல்லாமல் எங்கள் தீவில் யாரும் அதைக் கடப்பதில்லை; கடந்தால் கெடுதல் வருமாம். ஆரி கையை உயர்த்தி வணக்கம் வைத்தான்.

"நீயும் சொல்லுக்கா."

"மூட்டை பேசாதுடா."

பந்தயம் நடக்கும் காஸில்டவுன் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தான்; இறங்கியதும் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தான். நல்ல பையன்.

மணல் மூட்டை என்ன செய்யும் என்று அவனுக்குக் காட்ட நினைத்தேன். ஒரே ஒரு வளைவில். கெர்ரூ வளைவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மற்ற இடது வளைவுகளில் சாலைக்கு அப்பால் புல்வெளி. தடுமாறினாலும் சமாளித்துவிடுவான், பாடம் மனதில் நிற்காது. கெர்ரூவில் வலப்பக்கம் கற்சுவர்.

மூன்றாம் சுற்று. நான் தட்டில் படுத்து, இரண்டு கைப்பிடிகளையும் வசதியாகப் பிடித்துக்கொண்டேன். வானம் வெளுத்துக் கிடந்தது. ஓரச் சக்கரம் என் பக்கத்தில் மெல்ல எழும்பியது. பதினொரு ஆண்டில் முதன்முறையாக ஆரி திரும்பி என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு மணிக்கட்டில் மட்டும் எலும்பு முறிவு.

விசாரணை அதிகாரி தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். "அந்த வளைவுல நீங்க என்னம்மா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலைங்க."

அப்படியே எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை.

அடக்கத்தன்று பக்கத்து வீட்டு வாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ப்ரீஷா, பாலத்துல நீ வணக்கம் வைக்கலியாமே? அதுங்க சும்மா விடுமாடி?"

அன்றைக்குத்தான் அழுதேன். ஊர் முழுக்க அதையே சொல்கிறது, நானும் மறுப்பதில்லை. ஆரியின் சாவுக்கு நான்தான் காரணம். அந்தப் பாலத்தில் ஒரு வணக்கம் சொல்லியிருக்கலாம்.