கலப்பதற்கு முன் அளக்க வேண்டிய நீர்

விழாத் தலைமையை ஏற்றிருக்கும் சூலூர் சிறுதொழிற் சங்கத் தலைவர், அன்பு இளவல் சரவணன் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் உழைப்பாளிப் பெருமக்களே, உலையை இறக்கி வைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தத் தம்பிதுரையின் தலைதாழ்ந்த வணக்கம்.

அணுக்கழிவு நீரை ஆராய்ந்த அறிஞர் என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். நான் அறிஞனும் இல்லை, ஆராய்ந்தவனும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் சாயப்பட்டறையில் தண்ணீர் சோதித்தவன். அந்த அனுபவத்தை நம்பித்தான் வல்லுநர் குழுவில் எனக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள்.

செய்தி இதுதான். கடற்கரையில் ஓர் அணு உலை. ஆயுள் முடிந்துவிட்டது, மூடிவிட்டார்கள், இப்போது பிரித்தெடுக்கிறார்கள். பிரிக்கும் வேலையில் சேர்ந்த நீர் தொட்டி தொட்டியாக நிற்கிறது. கதிரியக்கம் குறைவுதான். வடிகட்ட முடிந்ததை வடிகட்டிவிட்டார்கள். ட்ரிடியம் என்ற ஒன்று மட்டும் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்தே நிற்கும், எந்த வடிகட்டிக்கும் சிக்காது. அந்த நீரைக் கடலில் விட அனுமதி கேட்கிறார்கள். கொடுக்கலாமா, கூடாதா? அதைப் பார்ப்பதுதான் எங்கள் குழுவின் வேலை.

யாரப்பா அங்கே, எந்த ஊர் என்று கேட்பது? பரிசீலனை முடியவில்லை, பேர் சொல்லக் கூடாது. பயப்பட வேண்டுமா என்று கேட்டால், பயம் வேண்டாம், அளவு வேண்டும் என்பேன். அளந்தவன் யார்? எங்கே நின்று அளந்தான்? எப்போது அளந்தான்? இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட ஒரு குழு எதற்கு?

விண்ணப்பத்தில் கதிரியக்கம் வரம்புக்கு வெகு கீழே இருந்தது. குழுவில் மற்ற ஒன்பது பேரும் சரியென்று தலையாட்டினார்கள். நான் உப்பைப் பார்த்தேன். துணியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்டும் பட்டறைக்காரன் கண்ணில் உப்புதானே முதலில் படும்? உலையில் இருந்தது உப்பு நீக்கிய சுத்த நீர். அதில் கடல் உப்பு எப்படி வந்தது?

குழுத் தலைவி பிரீத்திகா, நம் காரமடைப் பெண், வரைபடத்தை விரித்தார். தொட்டி நீரோடு கடல்நீர் வந்து சேரும் இடத்துக்கு அப்பால் மாதிரி எடுக்கும் குழாயை வைத்திருந்தார்கள். கலந்த பிறகு அளந்தால் எந்த எண்தான் குறையாது? எண் குறைந்தது. கடலுக்குள் போகும் மொத்தம் குறைந்ததா? குழம்பில் உப்புக் கூடினால் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். போட்ட உப்பு எங்கே போகும், தாய்மார்களே? அத்தனையும் வயிற்றுக்குள்தான்.

தொட்டியிலேயே அளந்து, ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினோம். கைதட்டாதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை.

வெளியே வரும்போது பிரீத்திகா கேட்டார். “ஏனுங்க சார், நாங்கெல்லாம் பாக்காத உப்பை நீங்க மட்டும் எப்படிங்க பாத்தீங்க?”

“பழக்கமுங்க அம்மணி” என்றேன். அங்கே விழுங்கியதை இங்கே சொல்கிறேன்.

அதிகாரி மாதிரி எடுக்க வரும் நாளில், போர்வெல் தண்ணீரைப் பட்டறையின் கழிவு வாய்க்காலில் திறந்துவிட்டு, கலந்த பிறகு பிடித்துக் கொடுத்தவன் நான். முதலாளி சொன்னார், செய்தேன் என்று தப்பிக்க மாட்டேன். யோசனையே என்னுடையதுதான். ஆறு ஆண்டுகள் அதைச் செய்தேன். அந்த உலைக்காரர்கள் கவனிக்காமல் செய்ததை நான் கவனமாகச் செய்தேன். அறிக்கை எல்லாம் வரம்புக்குள், அறிக்கை எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

சரவணன் சட்டையை இழுக்கிறார். இருப்பா, சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வரிசையில் நாச்சியம்மாள் இருக்கிறார். பட்டறைக்குக் கீழே அவருடைய தென்னந்தோப்பு. கிணறு கெட்டுப்போச்சு என்று அவர் மனுக் கொடுத்தார். அந்த மனுவைத் தள்ளுவதற்கு அதிகாரிகள் எடுத்துக் காட்டியது என் அறிக்கைகளைத்தான். அம்மா எழுந்துவிட்டார். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

“ஏனுங்க தம்பிதுரை, அப்ப நாங் குடுத்த மனு பொய்யில்லீங்களே? ஆபீசுல வெச்சு என்னையப் பொய்க்காரின்னு சொல்லிப்போட்டாங்க. எம்பட மகனே என்னைய நம்பலீங்க.”

நீங்க சொன்னது நெசமுங்க அம்மா. பொய் சொன்னது நானுங்க.

இதை எழுதிக் கையெழுத்திட்டு, காலையில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். பிரீத்திகாவுக்கும் ஒரு நகல் அனுப்பியாயிற்று. குழுவில் என்னை வைத்துக்கொள்வதும் நீக்குவதும் அவர் முடிவு. எனக்குத் தண்டனை என்றால் வாங்கிக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நாச்சியம்மாளின் மகன் கூட்டத்தில் இருக்கிறாரா? பந்தல் காலைப் பிடித்து நிற்கிறவரா? தம்பி, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா பதினோரு வருஷமாகச் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அங்கே நிற்காதீர்கள், போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றிங்க. வாரேனுங்க, வணக்கம்.