பழம் எது, செங்காய் எது

சின்னப்பராஜ்: ...இது என்னடா மாப்ள, கெணறா?

சவரி: இல்லீங்க மாமா. நானு.

சின்னப்பராஜ்: நீயா?

சவரி: ஆமாங்க... அதாவது, நான்னு நெனச்சித்தான் போட்டன்.

சின்னப்பராஜ்: கெணத்துக்குள்ள வுழுந்துட்டியா?

சவரி: கெணறே இல்லீங்க அது. மேல இருந்து பாத்தா ஒரு... வுடுங்க. நோட்ட இப்படி குடுங்க.

சின்னப்பராஜ்: இருடா. எங்கக்கா மகன் மூணு வருசமா மெட்ராஸ்ல படம் போடப் படிக்கிறான். என்ன கிழிக்கிறான்னு மாமங்காரன் பாக்க வேணாமா? இது... இது நாயி.

சவரி: அது நாயிதான்.

சின்னப்பராஜ்: நாயி நல்லா வந்திருக்குது. இதுவும் நீயா?

சவரி: ...அதுவும் நான்தாங்க.

சின்னப்பராஜ்: ம்.

சவரி: சிரிக்காதீங்க மாமா.

சின்னப்பராஜ்: யாரு சிரிச்சா? புரியலன்னு பாக்கறன். காலேஜ்ல என்னதான் கேட்டாங்க உன்ன?

சவரி: "உன்னப் பத்தி ஒரு படம் போடு, ஆனா மூஞ்சிய வரையாத, நீ யாருன்னு எனக்குத் தெரியணும்"னாரு சாரு. அத எப்படி யோசிச்சன்னு கூடவே ஒரு நோட்டு. அடிச்சது, அழிச்சது, கிழிச்சது எல்லாம் அதுல இருக்கணுமாம்.

சின்னப்பராஜ்: கிழிச்சதுமா?

சவரி: கிழிச்சத திரும்ப ஒட்டி வெக்கணும்.

சின்னப்பராஜ்: நல்ல படிப்புடா. எப்ப குடுக்கணும்?

சவரி: திங்கக்கெழம. நாளைக்கி மொரப்பூர்ல ரயிலப் புடிச்சாத்தான் ஆவும். இன்னும் ஒண்ணும் ஆவல.

சின்னப்பராஜ்: சரி, பேசிக்கிட்டே கைய ஓட்டு. பதனோரு மணிக்கு முனிராஜ் டிராக்டர் வந்துரும். பாலக்கோட்டு மார்க்கெட்டுக்கு இந்தத் தக்காளி பூரா போயாவணும். பழத்த இந்தக் கூடைல போடு, இன்னும் முழுசா செவக்காத செங்காய அந்தக் கூடைல போடு.

சவரி: நானா?

சின்னப்பராஜ்: பின்ன, நோட்டுல இருக்கற நாயா?

சவரி: இல்லீங்க... நான் வேணா கூடைய சொமக்கறன். எத்தன இருந்தாலும் தூக்கி ரோட்டுல வெச்சிடறன். பிரிக்கறத நீங்க பாருங்க.

சின்னப்பராஜ்: எனக்கு இடுப்பு புடிச்சிருக்குதுடா. குனிய முடியல.

சவரி: காலைல மோட்டார தனியா தூக்கிக்கிட்டு வந்தீங்க?

சின்னப்பராஜ்: அதுலதான் புடிச்சிக்கிச்சி.

சவரி: அப்ப அத்த வரட்டுங்களா?

சின்னப்பராஜ்: வரட்டும். மண்ணெண்ண வாங்கப் போனவ, கியூவுல நிக்கிறா போல. அவ கை ஓட்டம் நமக்கு வராது.

சவரி: அதாங்க. நாம போட்டு கலந்து வுட்டா அவங்களுக்கு ரெட்ட வேல.

சின்னப்பராஜ்: கரெக்டு. ...ஏன்டா, நோட்டு பூரா கருப்பாவே இருக்குது? பென்சிலு, கரி, பென்சிலு, கரி. கலரே வாங்கலயா?

சவரி: கலரு... கடசிலதான் மாமா.

சின்னப்பராஜ்: ஒண்ணே ஒண்ணுல போட்டிருக்கற. கிழிச்சி ஒட்டியிருக்குதே, இந்த மரம்.

சவரி: மாமா, அத நல்லா பாருங்க. அந்த மரம் உங்களுக்கு என்ன கலர்ல தெரியுது?

சின்னப்பராஜ்: மரம் மரத்துக் கலர்ல இருக்குது.

சவரி: எலைங்க?

சின்னப்பராஜ்: எலையும் எலைக் கலர்ல இருக்குது. என்ன கேள்விடா இது.

சவரி: பேரு சொல்லுங்க மாமா. பச்சையா, வேற எதுனாவா?

சின்னப்பராஜ்: எலைன்னா பச்சைதான.

சவரி: நெசத்துல இல்லீங்க. இந்தப் படத்துல.

சின்னப்பராஜ்: ...கண்ணாடி இல்லாம சரியா தெரியல.

சவரி: நீங்க எப்ப கண்ணாடி போட்டீங்க?

சின்னப்பராஜ்: போடணும். அதத்தான் சொல்றன். நீ ஏன் கேக்கற? மரத்துல என்ன?

சவரி: அந்த மரந்தாங்க இத்தன வம்பும்.

சின்னப்பராஜ்: மரமா?

சவரி: காலேஜ்ல ஒரு வேப்பமரம் இருக்குது. எல்லாரும் அத சுத்தி ஒக்காந்து வரைஞ்சோம். நானும் வரைஞ்சன். கலரும் போட்டன். சாரு ஒவ்வொருத்தனா பாத்துக்கிட்டு வந்தவரு, எங்கிட்ட வந்து நின்னுட்டாரு. "இவன் ஒருத்தன்தான் கண்ணுல பாத்தத வரையாம மனசுல பாத்தத வரைஞ்சிருக்கான். எவ்ளோ தைரியமான கலரு"ன்னு சொல்லி எல்லாரையும் கூப்ட்டுக் காட்டுனாரு. செவுத்துல மாட்டிட்டாரு. இந்த நோட்டுல இருக்கறது, அதே மாதிரி திரும்பப் போட்டுப் பாத்து நானே கிழிச்சது.

சின்னப்பராஜ்: நல்ல சேதிதான? அதுக்கேன் மூஞ்ச தொங்கப் போட்டுக்கற?

சவரி: எனக்கு ஒண்ணுமே புரியலீங்க. நான் கண்ணுல பாத்தத்தான் வரைஞ்சன். அப்பறம் கேட்டாரு, "எலைய ஏம்ப்பா செம்மண்ணு கலர்ல போட்ட, என்ன நெனச்சிப் போட்ட?"ன்னு. அப்பத்தான் அது செம்மண்ணு கலருன்னே எனக்குத் தெரியும். டியூப்ல ஒட்டியிருந்த பேரு உரிஞ்சி போயிருந்துச்சி. பேரு இருந்தா படிச்சிப் பாத்து எடுத்துக்குவன். அன்னிக்கி ரெண்டு டியூப்பு மொட்டையா இருந்துச்சி. இதுதான் பச்சைன்னு நெனச்சி எடுத்துட்டன்.

சின்னப்பராஜ்: சாருகிட்ட என்ன சொன்ன?

சவரி: "எங்க ஊரு தர்மபுரி சார், மழ இல்ல, எல்லாம் காஞ்சி கெடக்குது"ன்னு சொல்லிட்டன். அவரு கண்ணு கலங்கிட்டாரு.

சின்னப்பராஜ்: அடப்பாவி.

சவரி: அன்னில இருந்து எங்க பாத்தாலும் என் தோள்ல கைய போடறாரு. "அந்த மரந்தான் நீ. அந்த மாதிரி ஒண்ணு போடு"ங்கறாரு. அதுக்குத்தான் இந்த நோட்டு. எப்படி யோசிச்சன்னு எழுதுன்னா, நான் என்னத்த எழுதுவன்? மழ இல்லன்னு இன்னும் நாலு பக்கம் பொய் எழுதறதா? இல்ல, சார் எனக்குக் கலரு தெரியாதுன்னு எழுதறதா?

சின்னப்பராஜ்: மெதுவா பேசுடா.

சவரி: யாரு இருக்கறாங்க இங்க?

சின்னப்பராஜ்: ...எவ்ளோ நாளா இது?

சவரி: நாளு என்னங்க, பொறந்ததுல இருந்துதான். சின்னதுல தக்காளிக் காட்டுக்குக் கூப்ட்டுப் போனா நான் காயாவே பறிப்பன். வேணும்னே பண்றன்னு அப்பா வெளக்குமாத்தால அடிச்சாரு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கதான் வந்து புடுங்கிப் போட்டுட்டு, "இவனுக்குக் காட்டு வேல ஒத்து வராது, படிக்க அனுப்புக்கா"ன்னு அம்மாகிட்ட சொன்னீங்க.

சின்னப்பராஜ்: சொன்னன், சொன்னன். அது... அடி வாங்கறியேன்னு சொன்னன். டாக்டருகிட்ட போனியா?

சவரி: போனன். புள்ளி புள்ளியா ஒரு புஸ்தகத்தக் காட்டுனாரு. உள்ள நம்பரு இருக்குதாம். மொத பக்கத்தத் தவிர வேற எதுலயும் எனக்கு நம்பரு தெரியல. மருந்து கெடையாதுன்னாரு. குடும்பத்துல வர்றதாம். வூட்ல யாருக்காச்சும் இருக்குதான்னு கேட்டாரு. இல்லீங்கன்னு சொல்லிட்டன்.

சின்னப்பராஜ்: ம்... இல்லன்னுட்டியா.

சவரி: இல்லதான?

சின்னப்பராஜ்: ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?

சவரி: யாருக்கும் தெரியாது. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றன். சொல்லணும்னு வரல. நீங்க அந்தப் பக்கத்தத் திருப்பிட்டீங்க.

சின்னப்பராஜ்: நான் என்னடா கண்டன், மரம்னு திருப்புனன். ...தெரிஞ்சா காலேஜ வுட்டு அனுப்பிருவாங்களா?

சவரி: அதுவும் தெரியலீங்க மாமா. சிற்பம் செய்யப் போன்னு மாத்தி வுடலாம். பொய் சொன்னதுக்கு தொரத்தியும் வுடலாம். என்ன நடக்கும்னு தெரிஞ்சாக்கூட பரவால்ல. ராத்திரியும் பகலும் இதே ரோசன. அந்த மரம் நெசமாவே நல்லாத்தான் இருக்குதோன்னு ஒரு சமயம் தோணுது. நல்லா இருந்தா அது என் தெறமையா? கண்ணு செஞ்ச தப்பா? எல்லாரும் பாத்துப் பாராட்டுனத நான் மட்டும் இன்னும் பாக்கவே இல்லீங்களே.

சின்னப்பராஜ்: குடு அந்த நோட்ட.

சவரி: எதுக்கு?

சின்னப்பராஜ்: குடுடா, கிழிக்க மாட்டன். கிழிச்சாலும் ஒட்டிக்குவ. ...இந்தக் குமிய வரைஞ்சிருக்கறியா?

சவரி: எந்தக் குமி?

சின்னப்பராஜ்: ரெண்டு பேரும் எதிர்ல ஒக்காந்துக்கிட்டு கைய வெக்காம பாத்துக்கிட்டு இருக்கறோமே, இந்தத் தக்காளி.

சவரி: இல்லீங்க.

சின்னப்பராஜ்: இத வரைஞ்சிட்டுப் போ. உனக்கு எப்படித் தெரியுதோ அப்படியே. பழமும் காயும் ஒண்ணா தெரிஞ்சா ஒரே கலர்ல போடு. நோட்டுல, "சார், இதுல பாதி பழம், பாதி செங்காயி, எது எதுன்னு எனக்குத் தெரியாது"ன்னு எழுது. அவரு யாருன்னுதான கேட்டாரு? நீ யாருன்னு சொல்லிடு.

சவரி: நான் அத யோசிக்காம இல்லீங்க மாமா. அதுலயும் ஒரு சிக்கலு இருக்குது.

சின்னப்பராஜ்: என்ன?

சவரி: தக்காளியப் பாக்கறதும் இந்தக் கண்ணு. கலரப் பாக்கறதும் இந்தக் கண்ணு. எனக்கு ரெண்டும் ஒத்துப் போன மாதிரி இருக்கும். சாரு வந்து பாத்தா அவருக்கு வேற என்னமோ தெரியும். "ஆஹா, தைரியம்"னு திரும்ப ஆரமிச்சிருவாரு. நான் பாக்கறதத்தான் சரியா போட்டிருக்கறன்னு எனக்கு யாருங்க சொல்லுவாங்க? அம்மாகிட்ட காட்டுனா அழுவாங்க. சிநேகிதப் பசங்க சிரிப்பானுங்க. டாக்டரு நம்பரு கேப்பாரு. ஒலகத்துல ஒரு ஆளு கூட கெடையாது மாமா.

சின்னப்பராஜ்: எங்கிட்ட காட்டு.

சவரி: உங்ககிட்டயா?

சின்னப்பராஜ்: சாயங்காலத்துக்குள்ள போட்டு முடி. மொதல்ல நான் பாக்கறன். சரின்னா சரி, தப்புன்னா மாத்து.

சவரி: நீங்க ஆறுதலுக்கு சொல்றீங்க.

சின்னப்பராஜ்: ஆறுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல.

சவரி: பின்ன நீங்க பாத்து என்னங்க மாமா சொல்லுவீங்க? சாருக்குத் தெரியற மாதிரித்தான உங்களுக்கும் தெரியும்... அதோ, அத்த வர்றாங்க. மண்ணெண்ண டின்னோட அங்க, ஏரிக்கர மேல.

சின்னப்பராஜ்: அவ எறங்கி வர்றதுக்குள்ள சொல்லிடறன், கேட்டுக்க. கல்யாணத்துக்கு முந்தி ரயில்வேல இஞ்சின் வேலைக்கு என்னக் கூப்ட்டாங்க. ஒரு இருட்டு ரூம்ல ஒக்கார வெச்சி, வெளக்க மாத்தி மாத்திக் காட்டி, எது செகப்பு, எது பச்சைன்னு கேட்டாங்க. எனக்கு எல்லா வெளக்கும் ஒரே வெளக்காத்தான் இருந்துச்சி. குத்துமதிப்பா சொல்லிப் பாத்தன், வெளிய அனுப்பிட்டாங்க. ஆபீசரு மரியாத இல்லாம பேசுனான், சண்ட போட்டுட்டு வந்துட்டன்னு ஊரெல்லாம் சொன்னன். ஒங்கம்மா இன்னிக்கும் அந்த ஆபீசரத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கறா. என் இடுப்புக்கு ஒண்ணும் இல்லடா மாப்ள.