ஜூவெனாலின் வெற்றிலைக் கறை

அந்த அட்டைப்பெட்டியின் மேல் மட்டும் உட்காராதீர்கள், ஐயா. உள்ளே சுதந்திர வாக்கெடுப்பு நடந்த வருஷத்துச் சுவரொட்டிகள் இருக்கின்றன. பக்கத்துப் பெட்டியில் தாராளமாக உட்காரலாம், அதில் என் பழைய செருப்புகள்தான். நாற்காலிகளை எல்லாம் எப்போதோ வெளியே போட்டுவிட்டேன். ஒரு நாற்காலி அடைக்கிற இடத்தில் நாலு கட்டுச் செய்தித்தாள் அடுக்கலாம். என் மனைவி அவள் அண்ணன் வீட்டோடு போனதற்கும் அதுதான் காரணம் என்று இந்த டிலி நகரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

ஜசிந்தா வாசலில் வெயிலில் நிற்கிறாளே, உள்ளே வரச் சொல்லியிருக்கலாம். என் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை என்றால் அவள் இஷ்டம். போலீஸ்காரர் நீங்கள் கேட்டதை நான் மறைக்கப் போவதில்லை. இந்த அனிசெட்டோ காரணம் இல்லாமல் எதையும் செய்கிற ஆள் இல்லை என்று நான் வேலை பார்த்த துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆற அமரக் கேட்டீர்களானால் உங்களுக்கே நியாயம் புரியும்.

நம் நாடு இரண்டு தடவை பிறந்தது. இரண்டாம் தடவை பிறந்தபோது நீங்கள் அரைக்கால் சட்டையோடு கொடி ஆட்டியிருப்பீர்கள். முதல் தடவையைப் பார்த்தவன் நான். எழுபத்தைந்தில் பிறந்து ஒன்பது நாள் உயிரோடு இருந்தது, அதற்குள் கடல்வழியாக அண்டை நாட்டுப் படை வந்து இறங்கிவிட்டது. இரண்டாம் பிறப்பின் காகிதங்கள் என்னிடம் மலையாகக் கிடக்கின்றன. அழைப்பிதழ், தபால்தலை, சுதந்திர நாள் செய்தித்தாள், விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்கிற அட்டைகூட இருக்கிறது. முதல் பிறப்புக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு துண்டு அகப்பட்டாலும் உயிர் போகும் என்று எல்லோரும் எரித்துவிட்டார்கள், சிலர் மென்று விழுங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றும்.

மலையூர்களில் எனக்குக் கரையான் என்று பெயர். தூரத்தில் என் தலையைக் கண்டாலே, "கரையான் வருது, வேதபுத்தகத்தை எடுத்து உள்ள வை" என்று கத்துவார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய் உட்காருவேன், காப்பி கொடுப்பார்கள். அப்படித்தான் மௌபிஸ்ஸியில் ஒலந்தினா அக்கா வீட்டுக்கு வழி கிடைத்தது. ஜசிந்தாவின் அம்மா. தலை முதல் கால்வரை கறுப்பு உடுத்திய, வாய்த்துடுக்கான மனுஷி.

அவள் எரவாணத்திலிருந்து ஒரு மூங்கில் குழாயை உருவி, உள்ளே சுருண்டிருந்த தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். எழுபத்தைந்தில் சுதந்திரம் அறிவித்த மறுநாள் அச்சடித்த சைக்ளோஸ்டைல் அறிவிப்புத் தாள். இரண்டு பக்கம். அப்படி ஒன்று வந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. எழுத்து ஒன்றுகூட மங்கவில்லை. இடது மூலையில் மட்டும் பெரிய வெற்றிலைக் கறை, சுற்றிலும் சின்னச் சின்னத் துளிகள். அது ஒன்றுதான் குறை.

"என்னப்பா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி முழிக்கிற? காப்பி ஆறிப்போச்சு பாரு."

"அக்கா, இது நாட்டோட பொறப்புச் சான்றிதழ்."

"நாட்டுக்கு நீங்க அத்தனை பேரு இருக்கீங்க. என் ஆளுக்கு நான் ஒருத்திதானே."

அவளுடைய ஆள் ஜூவெனால். அந்தத் தாள்களைக் கட்டாகக் கட்டிக் குதிரை மேல் போட்டு மலையூர்களுக்குக் கொண்டுபோனவர். போகிற வழியில் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு கையில் தாள், ஒரு கையில் கைக்குழந்தை ஜசிந்தா.

"ஊரே கேக்கட்டும்னு சத்தமா படிக்கிறாரு. இவ பொசுக்குனு அவரு மூக்கைப் பிடிச்சுட்டா. சிரிச்சாரு பாரு ஒரு சிரிப்பு, வாயில இருந்த வெத்தலையெல்லாம் தாள் மேல. இதைக் குடுத்தா ஊர்க்காரன் திட்டுவான், நீயே வெச்சுக்கன்னு குடுத்துட்டுப் போனாரு."

படை வந்ததும் காட்டுக்குப் போனவர், பிறகு வரவில்லை. எலும்பும் கிடைக்கவில்லை. வீடு எரிந்தபோது அவருடைய துணிமணியும் போயிற்று. மிஞ்சியது அந்தத் தாள். அதை எரிக்காமல் அத்தனை வருஷமும் மறைத்து வைத்திருந்தாள், இரண்டு தடவை வீட்டைச் சோதனை போட்டும் அகப்படவில்லை. அந்த விஷயத்தில் நான் அவளை மெச்சத்தான் வேண்டும்.

உங்கள் ஊர்ப்பக்கம் எப்படியோ, மௌபிஸ்ஸியில் உடம்பு கிடைக்காதவர்களுக்கு உடம்பில் பட்ட ஒன்றைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வார்கள். சட்டை, சீப்பு, ஏதாவது. அடக்கம் ஆகும்வரை செத்தவர் வீட்டுக்கு வெளியிலேயே நிற்பாராம், வீட்டுக்காரி கறுப்பை அவிழ்க்கக் கூடாதாம். இவளுக்கு அவருடைய எச்சில் பட்ட தாள்தான் உடம்பு. எருமை வாங்கவும் புருஷன் வீட்டுச் சொந்தங்களை ஒன்று சேர்க்கவும் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. போன வருஷ வெயில் காலத்தில் அடக்கம் என்று முடிவாகியிருந்தது.

ஐயா, நாட்டில் மிஞ்சிய ஒரே தாளை மண்ணில் புதைக்கப் போகிறார்கள். நீங்களாக இருந்தால் சும்மா இருப்பீர்களா? நான் முதலில் பேசித்தான் பார்த்தேன். சர்க்கரை, சோப்பு, பேரப்பிள்ளைகளுக்குப் பென்சில் என்று ஒவ்வொரு தடவையும் கொண்டுபோனேன்.

"பெட்டியில கல் வெக்கலாமே அக்கா. பக்கத்து வீட்டுல ஆத்துக் கல்லுதானே வெச்சாங்க?"

"கல்லு வெத்தலை போட்டுச்சா? கல்லு சிரிச்சுதா? போடா கரையான்."

அதற்கு மேல் என்ன பேசுவது? நல்ல வார்த்தை சொல்லியும் கேட்காதவர்களுக்கு நல்ல காரியத்தை நாமாகத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

மூங்கிலுக்குள் சுருண்டே கிடந்ததால் தாள் விறைத்திருந்தது. "பெட்டியில மனுஷன் நிம்மதியா மல்லாந்து படுக்க வேண்டாமா அக்கா? நான் கொண்டுபோய் நீவிக் கொண்டாறேன்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "உன் கை காகிதத்துக்குன்னே பொறந்த கைடா. பெட்டியில வெக்கிறதும் நீயே வெச்சிடு" என்றாள். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தாளை நீவத்தான் செய்தேன்.

நகல் எடுப்பது எளிதாகத்தான் இருந்தது. அந்தக் காலத்து வெற்றுத் தாள் துறைமுகக் கிடங்கிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். வண்ண அச்சு போடுகிற கடை தெருமுனையில் இருக்கிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தாளைக் காப்பித் தண்ணீரில் நனைத்து உலர்த்தினால் பழுப்பும் வந்துவிடும். கறைதான் படுத்தியது. அச்சில் எடுத்தால் தட்டையாக இருக்கும், தடவிப் பார்த்தால் தெரியும். அக்கா தடவிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாதா? ஆகவே படத்தில் கறையை நீக்கிவிட்டு, சந்தையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வாங்கி வந்து நானே மென்றேன். பழக்கமில்லாதவன், தலை சுற்றி வியர்த்துவிட்டது. சில தாள்கள் வீணாயின. சும்மா துப்பினால் ஒரே இடத்தில் சொத்தென்று விழுகிறது. சிரித்துத் துப்பினால்தான் அந்த மாதிரித் துளி சிதறும். பூட்டிய வீட்டில் தனியாக உட்கார்ந்து வாய் நிறைய வெற்றிலையோடு சிரிப்பது லேசான காரியம் இல்லை, ஐயா. கடைசியில் என் மனைவி கோபத்தில் மூட்டை கட்டிய விதத்தை நினைத்துக்கொண்டேன், நன்றாக வந்தது.

அடக்கத்தன்று ஊரே கூடியிருந்தது. சின்னப் பெட்டி, உள்ளே நெய்த துணி விரித்திருந்தார்கள். பெட்டியில் வைப்பதற்கு முன்னால் ஒலந்தினா அக்கா தாளை வாங்கி, அந்தக் கறையின் மேல் வாயை வைத்து, வெகுநேரம் எடுக்கவே இல்லை. "வந்துட்டியா, வந்துட்டியா" என்று அதனிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர்கள் முறைப்படி பார்த்தால் அந்தக் குழியில் இருப்பது நான்தான், இல்லையா? சுகமான அடக்கம். ஒரு எருமை வெட்டினார்கள், எனக்கு நல்ல பங்காகவே வைத்தார்கள்.

வழக்கமாக அடக்கம் முடிந்து ஒரு வருஷம் போனால்தான் கறுப்பை அவிழ்ப்பார்கள். இவள் ஆயுசில் பாதிக்கு மேல் கட்டியவள், இன்னும் ஒரு வருஷம் எதற்கு என்று பெரியவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அந்த வாரமே விருந்து வைத்தார்கள். சிவப்புப் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஜசிந்தா அம்மாவைக் கறுப்பு இல்லாமல் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாளாம், விம்மி விம்மி அழுதாள். அக்கா என்னைத்தான் முதலில் ஆடக் கூப்பிட்டாள்.

"காலை மிதிக்காம ஆடுடா கரையான். புதுச் செருப்பு."

அவ்வளவு சந்தோஷம். தாளும் பிழைத்தது, அவளும் பிழைத்தாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அன்றைக்கு என்னைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூட என் மனசாட்சியிலிருந்து தூசிதான் விழுந்திருக்கும்.

மழை தொடங்கியதும் அவளுக்குக் கனவு வர ஆரம்பித்தது. வேலிக்கு வெளியே ஜூவெனால் நனைந்துகொண்டு நிற்கிறாராம். உள்ளே வரச் சொன்னால், வீட்டுக்குள் வேறு யாரோ இருப்பது மாதிரிப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்கிறாராம். நான் போனபோது மறுபடியும் கறுப்பைக் கட்டியிருந்தாள்.

"தம்பி, நீதானே வெச்சே. குப்புற வெச்சுட்டியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவளுக்குத் தோன்றிய தப்பு அதுதான், ஐயா. தாளைக் குப்புறப் போட்டுவிட்டதாக. குப்புறப் படுத்தவர் எழுந்து வீட்டுக்குள் வர முடியாதாம். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "இருக்கலாம் அக்கா" என்றேன். உண்மையும் அதுதான், நான் எப்படி வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

குழியைத் தோண்டினார்கள். பெட்டிக்குள் ஈரம் புகுந்திருந்தது. தாளைத் திருப்பிப் போட்டது நான்தான். அப்போது மை கரைந்து துணியெல்லாம் நீலமாகக் கிடந்தது. சைக்ளோஸ்டைல் மை அத்தனை வருஷம் மூங்கிலில், எத்தனை மழையில், ஒரு புள்ளி கரையவில்லை. ஜசிந்தா அந்த நீலத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அம்மா பக்கத்தில் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்காரி. அவள் உங்களைக் கூட்டிக்கொண்டு வருவாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் கனவு நிற்கவில்லை. ஒலந்தினா அக்கா சோற்றை ஒதுக்க ஆரம்பித்தாள். நானே கரண்டியும் கையுமாக உட்கார்ந்து ஊட்டிப் பார்த்தேன்.

"யாரையோ கொண்டுவந்து என் வீட்டுக் குழியில படுக்க வெச்சுட்டேன் தம்பி. அவரு வெளிய பட்டினியா நிக்கிறாரு. எனக்கு மட்டும் எப்படிடா எறங்கும்?"

தாளைக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் மௌபிஸ்ஸியில் மழைக்காலத்து ஈரம் எப்படி இருக்கும் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குளிரில், அந்த மூட்டத்தில், தாளை வெளியே எடுத்தால் பூஞ்சை பிடித்துவிடும். மழை விடட்டும், ஏப்ரல்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் அவளைக் கெஞ்சாத நாள் இல்லை. இப்போது பாயோடு பாயாகக் கிடக்கிறாள், தண்ணீர்கூட உள்ளே போகவில்லை என்று ஜசிந்தா சொன்னதாகச் சொல்கிறீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. மனுஷர்கள் காகிதத்தைப் போல் பொறுமையாக இருப்பதில்லை.

சரி, கொண்டுபோகட்டும். மழையும் விட்டுவிட்டது. இந்தத் தட்டைப் பெட்டியில்தான் இருக்கிறது. ஜசிந்தாவைக் கூப்பிடுங்கள். அம்மா மூச்சு இருக்கும்போதே கையில் கொடுத்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள், இல்லை என்றால் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பாள். நான் தடுக்கப் போவதில்லை.

வா ஜசிந்தா. கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடி. ஏன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாய்? அசல்தான், சந்தேகமே வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார், மை கரையாது. அந்த மூலையா? ஆமாம், அங்கேதான் இருந்தது. இந்த மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்தேன் இல்லையா, அப்போது உட்கார்ந்து செய்தேன். மருந்தில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி, ஒவ்வொரு துளியாக எடுத்தேன். பஞ்சையெல்லாம் அன்றன்றைக்கே எரித்துவிட்டேன். ஓர் எழுத்துக்கூட அழியவில்லை பார். அழாதே அம்மா, கண்ணீர் மேலே படாமல் பிடி. நேராக வீட்டுக்குப் போய் ஒலந்தினா அக்காவிடம் காட்டு. அவர் சிரிப்பதற்கு முன்னால் எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கிறது என்று சொல்.