தரைக்குள் ஓடும் வெந்நீர்

என் பெயர் பெக் யூ-ரான். வயது முப்பத்து நான்கு. கணவர் சோ கி-தே கப்பல் வேலையில் இருக்கிறார். இன்சோன் நகரம், ஹேசொல் குடியிருப்பு, இரண்டாம் மாடியில் கைக்குழந்தை டா-ஓனுடன் வசிக்கிறேன். பிளாஸ்டிக் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. எங்கள் குடியிருப்பின் கொதிகலன் அறையைப் பூட்டியது குறித்துக் காவலர்கள் கேட்டதற்கு நான் சொல்வதாவது:

எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுத் தரைக்குள்ளும் பிளாஸ்டிக் குழாய் பதித்து, குளிருக்கு வீட்டைச் சூடாக்கப் பொதுக் கொதிகலனிலிருந்து வெந்நீர் ஓடவிடுகிறார்கள். சென்ற வாரம் நான்காம் மாடி டாக் சங்-பே வீட்டுத் தரைக்குள் அந்தக் குழாய் பிளந்து, வெந்நீர் கீழ்வீட்டில் கொட்டி, படுத்திருந்தவரின் தோள் வெந்துவிட்டது. அவர் குடியிருப்போர் சங்கத் தலைவி குவாக் மி-ஜாவின் கணவர். டாக் ஐயா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனியாக இருப்பவர். அவர் தரையில் துளை போட்டதுதான் காரணம் என்று குவாக் அம்மாள் படிக்கட்டில் நின்று எல்லோர் முன்பும் ஏசினார்.

"துளையா? காலண்டர் மாட்டக்கூட நான் ஆணி அடிச்சதில்லம்மா" என்று டாக் ஐயா சொன்னார். யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் பிளந்த குழாயில் ஒரு துண்டை அவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, துளையிட்ட தடம் எதுவும் இல்லை, உள்சுவர் முழுக்க மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. சூட்டில் ஆக்சிஜன் பிளாஸ்டிக்கை அரிக்கும். பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலி ஓர் இடத்தில் அறுந்தால் அந்த அறுப்பே அடுத்ததை அறுத்துக்கொண்டு போகும். அதற்காகவே குழாய் வார்க்கும்போது ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்ற மருந்தைக் கலப்பார்கள். அது குறுக்கே புகுந்து, தான் அழிந்து, அறுப்பை நிறுத்தும். குறைவாகக் கலந்தாலும், வெந்நீரில் கரைந்து போனாலும், பிளாஸ்டிக்குக் காவல் இல்லை. ஆய்வகத்தில் அந்தத் துண்டைச் சூடாக்கி ஆக்சிஜன் செலுத்தினேன். நல்ல குழாய் நெடுநேரம் தாங்கும். இது ஆக்சிஜனைத் திறந்துவிட்டவுடனே கெடத் தொடங்கியது.

அதன் பிறகு என் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் வெளியே தெரிந்த குழாயிலும் மேலாகச் சிறு சீவல் எடுத்துச் சோதித்ததில் அதுவும் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து, குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்ணை அனுப்பிவிட்டு, தரைமெத்தையில் தூங்கிய குழந்தையைத் தூக்கிச் சோபாவில் கிடத்தினேன். உருண்டு விழுவாள் என்று மேசைமேல் கிடத்தினேன். அங்கும் மனம் ஒப்பாமல் முதுகில் கட்டிக்கொண்டு, அறை அறையாகத் தரையைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். எல்லா இடமும் இதமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு குவாக் அம்மாளிடம் போய்க் கொதிகலனை நிறுத்தச் சொன்னேன்.

"டா-ஓன் அம்மா, வெளிய ஆத்துத் தண்ணியே உறைஞ்சு கெடக்கு. உன் ஆராய்ச்சிக்கு நாங்க வெறைச்சுச் சாகணுமா?"

"உங்க வீட்டுக்காரர் தோளப் பாத்துமா இப்படிப் பேசுறீங்க?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில், "கிழவன் தப்புன்னா ஒரு வீட்டோட போச்சு. குழாய் தப்புன்னா இந்தக் கட்டடத்துல எவன் வீடு வாங்குவான்?" என்றார்.

அதன் பிறகு நான் இறங்கிப் போய், கொதிகலனை அணைத்து, அறைக்கதவை என் சைக்கிள் பூட்டால் பூட்டி, குழந்தையோடு வாசலில் நின்றேன். எல்லோரும் வந்து கத்தினார்கள். ஒருவர் "பைத்தியம்" என்றார். குழந்தையின் காது சிவந்துவிட்டது. அப்போது டாக் ஐயா கம்பளியும் நாற்காலியுமாக வந்தார்.

"நீ மேல போய்ப் புள்ளைக்குப் பால் குடும்மா. நான் உக்காந்துக்கறேன்."

"உங்களையும் திட்டுவாங்க, ஐயா."

"ஒரு வாரமா அதத்தான் கேக்கறேன். புதுசா என்ன திட்டிடப் போறாங்க?"

அதன் பிறகு காவலர்கள் வந்தார்கள். சாவியை அவர்களிடம் கொடுத்தேன். குழாய்களில் பச்சைத் தண்ணீரை அழுத்தி ஏற்றி, கசிகிறதா என்று பார்க்க அவர்கள் ஓர் ஆளை வரவழைத்தார்கள். சற்று நேரத்தில் என் வீட்டில் குழந்தையின் மெத்தை கிடந்த இடத்திலும், குவாக் அம்மாளின் கணவரை இடம் மாற்றிப் படுக்கவைத்திருந்த அறையிலும் தரை நனைந்தது. குவாக் அம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கதவைப் பூட்டியதில் டாக் சங்-பேவுக்குப் பங்கு உண்டு என்று குடியிருப்போர் சங்கம் கொடுத்த புகாரில் எழுதியிருப்பதாகக் காவலர்கள் படித்துக் காட்டினார்கள். அது பொய். பூட்டியது நான் ஒருத்தி. மீண்டும் யாராவது அந்தக் கொதிகலனை மூட்டினால் மீண்டும் பூட்டுவேன். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) பெக் யூ-ரான்