தொரை போட்ட மாலை

இரத்தினபுரியிலிருந்து தெரணியகலைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் தோட்டத்துப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நம்ம செல்லையா மகனுக்குத் தோட்டத்து மேனேஜர் தொரையே மாலை போட்டாராம், அக்கா."

"யாரு, மலேசியாவுல சம்பளத்துக்குக் கூடைப்பந்து வெளாடுறானே, அவனுக்கா?"

"அவனுக்கேதான். 'நம்ம தோட்டம் வளத்த புள்ள'ன்னு மைக்குல வேற பேசினாரு."

"ரப்பர் மரத்துல வளையம் அடிச்சு வெளாண்டான்னு, அவன் அப்பன வேலைய விட்டு நிறுத்தி, குடும்பத்தையே லயத்து வீட்ட விட்டு வெரட்டுனது இந்தத் தொரைதானே?"

"அவரேதான்."

"பய என்ன சொன்னான்?"

"'தொரை வெரட்டலன்னா நாங்க கொழும்புக்கே போயிருக்க மாட்டோம், என்னைய எந்த கிளப்பும் பாத்திருக்காது, ரொம்ப நன்றி'ன்னு சொன்னான்."

"ஐயோ, தொரைக்குத் தமிழ் வெளங்காதேடி!"

"அதான் சிங்களத்துல சொன்னான்."